ஆறு அணை இருந்தும் ஊர் ஏன் காஞ்சு போச்சு?

ஏதாவது ஒரு பெரிய நகரத்துல தண்ணிப் பஞ்சம்னு நியூஸ் வந்தா போதும், வாட்ஸ்அப் குரூப்ல உடனே மூணு பேர் கிளம்பிடுவாங்க. ஒருத்தர் "கடல் இவ்ளோ பெருசா கிடக்கு, அதை சுத்தம் பண்ணிக் குடிக்க வேண்டியதுதானே"ம்பாரு, இன்னொருத்தர் "முதல்ல ஏரியெல்லாம் தூர் வாருங்கப்பா"ம்பாரு, மூணாவது ஆள் எங்கேயோ இருக்கற ஆத்துல இருந்து பைப் போட்டு கொண்டு வந்துடலாம்னு மேப்ல கோடு போட்டுக் காமிப்பாரு. மூணு பேர் சொல்றதுலயும் விஷயம் இருக்கு. ஆனா மூணு பேருமே ஒரே ஒரு வழியப் பிடிச்சுக்கிட்டு அதுவே போதும்னு நிக்கறாங்க, எனக்கு எரிச்சல் வர்றது அங்கதான்.

கொஞ்ச வருஷமா எனக்கு இந்த நகரத் தண்ணி விஷயத்துல ஒரு பைத்தியம். சில பேர் ஸ்கோர் பாக்கற மாதிரி நான் எங்கெங்கயோ இருக்கற ஊரோட அணை நீர்மட்டம் பாத்துட்டு இருப்பேன், வீட்ல கிண்டல் வேற. பாத்துப் பாத்து எனக்குப் பிடிபட்ட விஷயம் ஒண்ணே ஒண்ணுதான், அதைத்தான் இங்க எழுதப் போறேன்: ஒரு ஊருக்கு எத்தனை இடத்துல இருந்து தண்ணி வருதுன்னு எண்றது பெரிய விஷயமில்ல, அந்த இடமெல்லாம் ஒரே காரணத்துக்காக ஒரே நேரத்துல கைவிட்டுடுமாங்கறதுதான் பாக்க வேண்டியது.

தென்னாப்பிரிக்காவோட கேப் டவுனை எடுத்துக்கோங்க. அந்த ஊருக்குப் பெரிய அணைன்னு ஆறு இருக்கு. பேப்பர்ல பாத்தா ஆறு சோர்ஸ், என்ன குறைன்னு தோணும். ஆனா ஆறும் ஒரே மலைத்தொடரைச் சுத்தி இருக்கு, ஆறுக்கும் ஒரே குளிர்கால மழைதான், அதுலயும் தீவாட்டர்ஸ்க்லூஃப்ங்கற ஒரே அணை மட்டும் மொத்தக் கொள்ளளவுல பாதிக்கு மேல. 2014 மழைக்காலம் முடியறப்போ அணையெல்லாம் கிட்டத்தட்ட நிறைஞ்சு இருந்துச்சு. அப்புறம் 2015, 2016, 2017னு வரிசையா மூணு வருஷம் மழை ஏமாத்திடுச்சு, ஆறு அணையும் சேர்ந்து ஒண்ணா இறங்குச்சு. ஒரே பேங்க்ல ஆறு அக்கவுண்ட் வச்சிருந்தா பேங்க் திவாலாகற அன்னிக்கு எத்தனை பாஸ்புக் இருந்து என்ன பிரயோஜனம்?

2018 ஜனவரில "டே ஜீரோ"ன்னு தேதியே குறிச்சாங்க. அணைகள் 13.5 சதவீதத்துக்கு இறங்கினா பெரும்பாலான வீட்டுக் குழாயை மூடிடுவோம், ஊர் முழுக்க சுமார் 200 இடத்துல க்யூல நின்னு ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 லிட்டர் பிடிச்சுக்கணும்னு பிளான். பிப்ரவரி 1ல இருந்து ஆளுக்கு 50 லிட்டர்தான்னு கட்டுப்பாடு. 50 லிட்டர்னா குளியல், துணி, சமையல், டாய்லெட் எல்லாத்துக்கும் சேர்த்து! குளிச்ச தண்ணிய பக்கெட்ல பிடிச்சு ஃப்ளஷ் பண்றது அங்க சாதாரணமாச்சு. ஜனங்க நிஜமாவே குறைச்சாங்க, வறட்சிக்கு முன்னாடி இருந்த உபயோகத்துல கிட்டத்தட்ட பாதிக்கு வந்துட்டாங்க, விவசாயிகள் சங்கம் ஒண்ணு தன் அணையில இருந்து தண்ணி விட்டுச்சு, அப்புறம் 2018 குளிர்காலத்துல மழையும் வந்துச்சு, தப்பிச்சாங்க.

இதுல வேடிக்கை என்னன்னா 2015லதான் அதே கேப் டவுன் தண்ணி சிக்கனத்துக்காக, உலகத்துப் பெரிய நகரங்கள் சேர்ந்து வச்சிருக்கற சி40 அமைப்போட விருது வாங்கியிருந்துச்சு. அதாவது ஊதாரித்தனமா இருந்து மாட்டினவங்க இல்ல. லீக்கேஜ் சரி பண்ணி, பிரஷர் குறைச்சு, மீட்டர் மாத்தி, ஒழுங்கா இருந்த ஊர். சிக்கனத்துல நல்ல பேர் வாங்கினதாலயே புதுசா வேற வகைத் தண்ணி தேடற வேலையை அப்புறம் பாத்துக்கலாம்னு தள்ளிப் போட்டாங்க. பஞ்சம் உச்சத்துல இருக்கறப்போ அவசர அவசரமா கடல்நீர்ல உப்பை எடுக்கற சின்னச் சின்ன டெம்பரரி டீசாலினேஷன் பிளாண்ட் போட்டாங்க, எல்லாம் சேர்ந்து ஒரு நாளைக்கு 1.6 கோடி லிட்டர், ஊருக்கு அந்த நெருக்கடிலயே வேண்டியிருந்தது ஏறக்குறைய 50 கோடி லிட்டர். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னா இதுதான்.

இப்ப சென்னை 2019. இதை நம்ம ஆளுங்க எல்லாரும் ஒரே மாதிரி சோகக் கதையா சொல்லுவாங்க, பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நாலும் காஞ்சுது, ஜோலார்பேட்டையில இருந்து ரயில்ல தண்ணி வந்துச்சு, ஒரு ரயில்ல 50 வேகன், 25 லட்சம் லிட்டர்னு. எல்லாம் உண்மைதான். ஆனா நான் பாக்கற கோணத்துல அந்தக் கதையில இன்னொரு பாதி இருக்கு, அதை யாரும் பேசறதில்ல. அந்த நாலு ஏரியும் நம்பி இருக்கறது பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழையை, 2018 கடைசியில அது காலை வாரிடுச்சு. கடலூர் மாவட்டத்துல இருந்து பைப்ல சென்னைக்குத் தண்ணி தர்ற வீராணம் ஏரி அப்படி இல்ல. அதுக்குத் தண்ணி கொள்ளிடம் வழியா, மேட்டூர் திறந்தா வரும், மேட்டூர் நிறையறது தென்மேற்குப் பருவமழைல, அதுவும் இங்க இல்ல, குடகு, வயநாடு பக்கம் பெய்யற மழை. 2018ல அந்தப் பக்கம் கொட்டோ கொட்டுன்னு கொட்டி மேட்டூர் நிரம்பி வழிஞ்சுது. அதனால 2019 கோடைல ஏரி நாலும் தரிசா கிடந்தப்போ வீராணத்துல இருந்து பைப்ல தண்ணி வந்துட்டே இருந்துச்சு, கூடவே மீஞ்சூர், நெம்மேலி ரெண்டு கடல்நீர் பிளாண்ட். இந்த ரெண்டும் இல்லைன்னா அந்தக் கோடையை நினைச்சுப் பாக்கவே பயமா இருக்கு.

நாலு ஏரியை நாலுன்னு எண்ணக் கூடாது, அது ஒண்ணுதான். வீராணம் ரெண்டாவது, கடல் மூணாவது. கிருஷ்ணா தண்ணி? 1983 ஒப்பந்தப்படி வருஷத்துக்கு 12 டிஎம்சி ஆந்திராவோட கண்டலேறு வழியா வரணும், அது ரொம்ப தூரத்துல பெய்யற மழை, அதனால அதைத் தனி சோர்ஸ்னு சொல்லலாம், ஆனா அது இன்னொரு காரணத்துக்காக நிக்கும். மேல இருக்கற ஊருக்கே தண்ணி இல்லாத வருஷம் கால்வாய்ல யார் திறந்து விடுவாங்க? பக்கத்து மாநிலம், பக்கத்து நாடுன்னு வெளியில இருந்து வர்ற தண்ணி எல்லாத்துக்கும் இந்தக் கதைதான். மழை பெஞ்சா மட்டும் போதாது, உறவும் நல்லா இருக்கணும்.

சிங்கப்பூர் இந்தக் கணக்கை ரொம்ப முன்னாடியே போட்டுடுச்சு. அவங்களுக்கு வேற வழியும் இல்ல. பக்கத்துல மலேசியாவோட ஜோகூர்ல இருந்து ஒரு நாளைக்கு 25 கோடி கேலன் வரைக்கும் எடுத்துக்கலாம்னு 1962ல போட்ட ஒப்பந்தம் 2061ல முடியுது. அதை மட்டும் நம்பி உக்காராம நாலு வழின்னு பிரிச்சாங்க: உள்ளூர் மழை, ஜோகூர் தண்ணி, கழிவுநீரை சுத்திகரிச்ச நியூவாட்டர், கடல்நீர். தீவுல மூணுல ரெண்டு பங்கு நிலத்துல பெய்யற மழை ஏதோ ஒரு நீர்த்தேக்கத்துக்குப் போய்ச் சேர்ற மாதிரி வடிகால் அமைப்பு. 2008ல ஆறு கடல்ல சேர்ற வாய்லயே மரினா பேரேஜ்னு தடுப்பு கட்டினாங்க, நகரத்தோட நடு மையத்துல, கட்டடங்களும் ரோடும் நிறைஞ்ச இடத்துல பெய்யற மழை குடிதண்ணி ஆகுது. சும்மா சிமெண்ட் வேலை மட்டுமா இது? அந்த ஆத்துல கொட்டிட்டு இருந்த குப்பை, சாக்கடை, பன்றிப் பண்ணை எல்லாத்தையும் பல வருஷம் முன்னாடியே ஒழிச்சுக் கட்டினதாலதான் அது முடிஞ்சுது. சாக்கடையும் மழைநீரும் ஒரே கால்வாய்ல ஓடற ஊர்ல தடுப்பு கட்டினா மிஞ்சறது ஒரு பெரிய கூவம்தான்.

அந்த நாலு வழிலயும் ரெண்டு வானத்தைப் பாத்து நிக்குது, ரெண்டு நிக்கல. 2016 அக்டோபர்ல ஜோகூர் பக்கம் இருக்கற லிங்கியூ நீர்த்தேக்கம் 20 சதவீதத்துக்கு இறங்குச்சு, ஜோகூர் ஆத்துல இருந்து தண்ணி எடுக்கவே திணறல். அப்பவும் ஊர்ல குழாய் நிக்கல. 2020ல அங்க ஒரு பிளாண்ட் திறந்தாங்க, மழை நல்லா இருந்தா நீர்த்தேக்கத் தண்ணிய சுத்தம் பண்ணும், மழை இல்லைன்னா கடல் தண்ணிக்கு மாறிக்கும், ஒரே மெஷின் ரெண்டு வேலை. இதைப் படிச்சப்போ எனக்கு விசில் அடிக்கணும் போல இருந்துச்சு. ஏன்னு கீழ பணத்தைப் பத்தி பேசறப்போ புரியும்.

சரி, "கடல் இருக்கே" ஆளுக்கு வருவோம். கடல் வத்தாது, மழை தேவையில்லை, அணை மாதிரி ஊர்களை மூழ்கடிக்க வேண்டாம், நியாயமான பேச்சுதான். ஆனா உப்பை எடுக்கறதுன்னா என்னன்னு கொஞ்சம் கிட்டப் போய் பாருங்க. உப்புத் தண்ணிய சல்லடை மாதிரி வடிகட்டற வேலை இல்ல அது. நடுவுல மெம்பிரேன்னு ஒரு மெல்லிசான சவ்வு, அதோட ஒரு பக்கம் கடல்நீர், இன்னொரு பக்கம் நல்ல தண்ணி, இயற்கையா விட்டா நல்ல தண்ணிதான் உப்புப் பக்கம் போகும். அதை எதிர்த்துத் தள்ளணும்னா 55ல இருந்து 70 பார் பிரஷர் வேணும். கார் டயர்ல இருக்கறது ரெண்டு, ரெண்டரை பார். அவ்ளோ அழுத்தத்தை நாள் பூரா, வருஷம் பூரா நிறுத்தாம குடுக்கற பம்ப்புக்குக் கரண்ட்டு எவ்ளோ ஆகும்? இப்ப இருக்கற நல்ல பிளாண்ட்ல ஆயிரம் லிட்டருக்கு மூணுல இருந்து நாலு யூனிட். வெளிய போற உப்புக்கரைசல்ல இருக்கற அழுத்தத்தைத் திருப்பிப் பிடிக்கற கருவி வந்ததுக்கு அப்புறம்தான் இவ்ளோ குறைஞ்சிருக்கு, முன்னாடி இன்னும் மோசம். இதுக்குக் கீழ ரொம்ப இறக்கவும் முடியாது, கிட்டத்தட்ட ஒரு யூனிட்டுங்கறது இயற்பியலே போட்ட தரை. எடுத்த கடல்நீர்ல பாதிதான் நல்ல தண்ணி ஆகும், மீதிப் பாதி ரெண்டு மடங்கு உப்போட கடலுக்கே திரும்பும், அதை எங்க எப்படி விடறோம்ங்கறது கரையோர மீன்களுக்கும் மீனவங்களுக்கும் வாழ்வா சாவாங்கற விஷயம்.

சரி செலவுதானே, பாத்துக்கலாம், ஆனா உறுதியான சோர்ஸ்தானேன்னு கேட்டா, அதுக்கும் சாகற காரணம் இருக்கு. 2008, 2009ல ஓமன், அமீரகம் பக்கம் கடல்ல நுண்பாசி பெருகி ஒரு பெரிய ரெட் டைட் வந்துச்சு, மெம்பிரேன் அடைச்சுக்கும்னு பிளாண்ட்டுகளை நிறுத்த வேண்டியதாச்சு. 1991 வளைகுடாப் போர்ல எண்ணெய்ப் படலம் மிதந்து வந்தப்போ சவுதி பிளாண்ட் வாசல்ல மிதவைத் தடுப்பு போட்டுக் காத்துக்கிட்டு இருந்தாங்க. மழையை நம்பி இல்லைங்கறது சரி, ஆனா கடல் சுத்தமா இருக்கறதை நம்பி இருக்கு, கரண்ட்டை நம்பி இருக்கு. இதைப் புரிஞ்சுக்கிட்டுத்தான் அபுதாபி ஒரு வேலை பண்ணுச்சு. கடல்ல இருந்து எடுத்த நல்ல தண்ணிய லிவா பாலைவனத்து மணலுக்கு அடியில இறக்கி சேமிச்சாங்க, நிரப்பவே ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு, 2018ல முடிச்சாங்க, பிளாண்ட் எல்லாம் நின்னாலும் பத்து லட்சம் பேருக்கு 90 நாள் வரும்னு கணக்கு. கடல் தண்ணிலயே வாழற ஊர் கடலை மட்டும் நம்பாம இருக்கு பாருங்க.

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச, எல்லாரும் முகம் சுளிக்கற விஷயம். கழிவுநீர்.

நகரம் வளர வளர குறையாம கூடிக்கிட்டே போற ஒரே தண்ணி இதுதான். வீட்டுக்குள்ள போற தண்ணில பெரும்பகுதி சாக்கடையா வெளிய வந்துடுது, வறட்சி வந்தாலும் வருது, அதுவும் நகரத்துக்குள்ளயே கிடைக்குது, 200 கிலோமீட்டர் பைப் வேண்டாம். உப்பும் கடலை விட ரொம்ப ரொம்பக் கம்மிங்கறதால பிரஷரும் கம்மி, கரண்ட்டும் கடல்நீருக்கு ஆகறதுல ஒரு பகுதிதான்.

நமீபியாவோட விண்ட்ஹுக் 1968லயே இதை ஆரம்பிச்சுடுச்சு. அங்க மழை ரொம்பக் கம்மி, வருஷம் முழுக்க ஓடற ஆறு நூத்துக்கணக்கான கிலோமீட்டர் தள்ளி இருக்கு. கழிவுநீரை சுத்திகரிச்சு நேரா குடிதண்ணி பைப்ல கலந்த முதல் ஊர் அதுதான். 2002ல புது பிளாண்ட் கட்டினாங்க, ஒரு நாளைக்கு 2.1 கோடி லிட்டர். இத்தனை வருஷமா ஜனங்க குடிச்சுட்டுத்தான் இருக்காங்க. அவங்க வெற்றிக்கு மெஷின் மட்டும் காரணமில்ல, எனக்கு முக்கியமாப் படறது அவங்க முதல்ல பண்ண வேலை: ஃபேக்டரிக் கழிவை வீட்டுக் கழிவோட கலக்க விடாம தனியா பிரிச்சது. வீட்டுச் சாக்கடைல என்ன இருக்கும்னு தெரியும், அதை சமாளிக்கவும் தெரியும். சாயப்பட்டறை, முலாம் பூசற பட்டறை கழிவு ராத்திரில திருட்டுத்தனமா கலக்கற ஊர்ல இந்த பிளாண்ட்டை எந்த இன்ஜினியர் கட்டினாலும் தூங்க முடியாது.

கலிஃபோர்னியால ஆரஞ்சு கவுன்ட்டிக்காரங்க நேரா குழாய்ல கலக்காம நிலத்துக்குள்ள அனுப்பி அப்புறம் எடுக்கறாங்க. அந்த பிளாண்ட்ல நடக்கறதை வரிசையா சொல்றேன். முதல்ல வழக்கமான கழிவுநீர் சுத்திகரிப்பு முடிஞ்ச தண்ணி வரும், அதை வைக்கோல் மாதிரி மெல்லிசா, உள்ள ஓட்டையா இருக்கற ஆயிரக்கணக்கான இழை வழியா உறிஞ்சுவாங்க, பாக்டீரியா அங்கயே நின்னுடும். அடுத்து ஆர்ஓ, அதுல உப்பு, வைரஸ், மருந்து மாத்திரை மிச்சம் எல்லாம் போகும். அதையும் தாண்டி வர்ற ரொம்பச் சின்ன மூலக்கூறு சிலது இருக்கு, அதுக்கு ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்து யூவி வெளிச்சம் அடிச்சு உடைப்பாங்க. இவ்ளோவும் முடிஞ்சு வர்ற தண்ணி அளவுக்கு மீறி சுத்தமாயிடும், அப்படியே விட்டா பைப்போட சிமெண்ட்டையே கரைச்சு எடுத்துக்கும், அதனால சுண்ணாம்பு சேர்த்துத்தான் வெளிய அனுப்பறாங்க! 2008ல ஆரம்பிச்சு, ரெண்டு தடவை பெருசாக்கி, 2023ல இருந்து ஒரு நாளைக்கு 13 கோடி கேலன், அதாவது நம்ம கணக்குல சுமார் 49 கோடி லிட்டர். அதுல ஒரு பங்கை கடலோரமா வரிசையா போட்ட கிணத்துல இறக்கறாங்க, உள்ள நல்ல தண்ணி அழுத்தம் இருந்தா கடல் உப்பு நிலத்தடிக்குள்ள ஏறாது. குடிதண்ணியும் ஆச்சு, கடலுக்கு அணையும் ஆச்சு.

முகம் சுளிக்கறவங்களை நான் கிண்டல் பண்ண மாட்டேன், ஏன்னா அந்த முகச்சுளிப்பு ஒரு திட்டத்தையே கவுத்துடும். ஆஸ்திரேலியால டூவூம்பான்னு ஒரு ஊர், 2006ல கடும் வறட்சிக்கு நடுவுல இதுக்கு ஓட்டெடுப்பு வச்சாங்க, 62 சதவீதம் பேர் வேண்டாம்னுட்டாங்க. அணை காய்ஞ்சுட்டே இருக்கறப்போ! அப்புறம் வேற ஒரு அணைல இருந்து பைப் போட்டுத் தண்ணி கொண்டு வர வேண்டியதாச்சு. நெருக்கடி வந்து கழுத்தைப் பிடிக்கறப்போ "இதைக் குடிங்க"ன்னா யார் நம்புவாங்க, குடிதண்ணியே ஒழுங்கா சுத்தமா குடுக்காத நிர்வாகம் சாக்கடையை சுத்தம் பண்ணித் தர்றேன்னா எப்படி நம்புவாங்க? நியாயமான கேள்வி. சிங்கப்பூர்ல 2002லயே பாட்டில்ல போட்டு ஊருக்கே குடிக்கக் குடுத்தாங்க, பிரதமரே கேமரா முன்னாடி குடிச்சாரு, ஆனா நடைமுறைல பெரும்பகுதி சிப் தயாரிக்கற ஃபேக்டரிக்குத்தான் போகுது, அவங்களுக்கு அந்த அளவு சுத்தம் தேவை. சென்னைலயும் கோயம்பேடு, கொடுங்கையூர்ல 2019ல ஆரம்பிச்ச, ஒவ்வொண்ணும் ஒரு நாளைக்கு 4.5 கோடி லிட்டர் சுத்தம் பண்ற பிளாண்ட்டுகள் ஃபேக்டரிகளுக்குத்தான் குடுக்குது. இந்த வழி எனக்கு சரின்னு படுது. ஃபேக்டரி எடுத்துட்டு இருந்த நல்ல தண்ணி மிச்சமாகி வீட்டுக்கு வரும், யாரும் எதையும் குடிக்கச் சொல்லி கெஞ்ச வேண்டாம்.

நிலத்தடி நீரைப் பத்தி ரெண்டு பக்கமும் சொல்லணும். நல்ல வருஷத்துல உள்ள இறக்கி கெட்ட வருஷத்துல எடுத்தா அதை விட நல்ல சேமிப்பு கிடையாது, வெயில்ல ஆவியாகாது, நிலம் எடுக்க வேண்டாம், யாரையும் ஊரை விட்டுத் துரத்த வேண்டாம். ஆனா எல்லா ஊரும் எடுக்கறது மட்டும்தான் பண்ணுது. மெக்சிகோ சிட்டி ஏரி மேல எழுந்த ஊர், அடியில இருக்கற களிமண்ல இருந்து தண்ணிய உறிஞ்ச உறிஞ்ச களிமண் சுருங்கி, சில இடத்துல வருஷத்துக்கு அரை மீட்டர் வரைக்கும் தரை இறங்குது. இறங்கறப்போ பைப் உடையுது, பைப் உடைஞ்சா தண்ணி லீக் ஆகுது, லீக்கை ஈடுகட்ட இன்னும் போர் போடறாங்க, இன்னும் இறங்குது. பத்தாததுக்கு ஆயிரம் மீட்டருக்கு மேல மலை ஏத்தி குட்சமாலாங்கற திட்டத்துல இருந்து பம்ப் பண்ணிக் கொண்டு வர்றாங்க. ஜகார்த்தாவும் இதே கதை, கூட கடல் வேற.

பெர்த் நேரெதிர். அங்க 1970கள் நடுவுல இருந்து மழை குறைய ஆரம்பிச்சுது. மழை அஞ்சுல ஒரு பங்கு குறைஞ்சா அணைக்கு வர்ற தண்ணியும் அஞ்சுல ஒரு பங்குதானே குறையணும்னு தோணும், ஆனா காஞ்ச மண்ணு முதல்ல தன் தாகத்தைத் தீத்துக்கும், மரம் குடிக்கும், மீதி இருந்தாத்தான் ஓடை. அதனால அணைக்கு வர்றது பாதிக்கு மேல குறைஞ்சு போச்சு. இது தற்காலிக வறட்சி இல்லன்னு ஒரு கட்டத்துல ஒத்துக்கிட்டு 2006ல ஒரு கடல்நீர் பிளாண்ட், 2011ல இன்னொண்ணு, 2017ல கழிவுநீரை சுத்திகரிச்சு நிலத்துக்குள்ள இறக்கற திட்டம்னு வரிசையா போனாங்க. அணையையே பெருசா நம்பி இருந்த ஊர்ல இப்ப அணைகளோட பெரிய வேலையே மத்த தண்ணிய சேத்து வைக்கறதுதான்.

லீக்கேஜ் பத்தி சொல்லாம போனா அடிப்பீங்க. கம்போடியாவோட புனோம் பென்ல 1993ல சுத்திகரிச்சு அனுப்பின தண்ணில 72 சதவீதம் காசே வராம லீக்லயும் திருட்டுலயும் போயிட்டு இருந்துச்சு, எக் சொன் சான்ங்கறவர் பொறுப்புக்கு வந்து ஒவ்வொரு இணைப்புக்கும் மீட்டர் போட்டு, பெரிய மனுஷன் வீட்டையும் விடாம பில் வசூல் பண்ணி, பழைய பைப்பை மாத்தி, சுமார் 6 சதவீதத்துக்குக் கொண்டு வந்தாங்க, 24 மணி நேரமும் தண்ணி. புது அணை கட்டினா ரிப்பன் வெட்டலாம், ராத்திரி ரெண்டு மணிக்கு ரோட்டைத் தோண்டி லீக் அடைக்கறவனுக்கு யார் மாலை போடுவாங்க? ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு நம்ம பெரியவங்க சொன்னதை நாமளே குழாய்க்கு செய்யல. ஆனா மறுபடியும் சொல்றேன், இது மட்டும் போதாது, கேப் டவுன் இதுல எல்லாம் நல்ல மார்க் வாங்கின ஊர்.

கடைசியா பணம். பலவகைத் தண்ணிங்கற ஐடியாவைப் பாதில கொல்றது இதுதான். சிட்னில வறட்சி சமயத்துல முடிவெடுத்த கடல்நீர் பிளாண்ட் 2010ல ஓட ஆரம்பிச்சுது, அதுக்குள்ள மழை வந்து அணை நிறைஞ்சு, 2012ல நிறுத்திட்டாங்க. மெல்போர்ன் பக்கத்துல வொன்தாகி பிளாண்ட் 2012 கடைசியில ரெடி, முதல் தண்ணி வந்து சேர்ந்தது 2017ல. இடைப்பட்ட வருஷமெல்லாம் ஒரு சொட்டு வாங்காமலே ஜனங்க பில்லுல அதுக்குக் காசு போயிட்டு இருந்துச்சு, வெள்ளை யானைன்னு திட்டாத பத்திரிகை இல்ல. அப்புறம் சிட்னில 2019ல அணை 60 சதவீதத்துக்கு இறங்கினப்போ மறுபடி ஓட்டினாங்க, அதுக்கு அப்புறம் வெள்ளம் வந்து அணைத்தண்ணி சேறா கலங்கினப்போவும் அதுதான் கைகொடுத்துச்சு. மழை இல்லாதப்போ மட்டும்தான் உதவும்னு கட்டினது மழை அதிகமானப்போவும் உதவுச்சு, யாரும் எதிர்பாக்கல. ஓட்டாத பிளாண்ட்டுக்கும் ஆள், பராமரிப்பு, கடன் வட்டி எல்லாம் உண்டு, அதனாலதான் மேல சொன்ன அந்த சிங்கப்பூர் ரெட்டை பிளாண்ட் மேல எனக்கு அவ்ளோ ஆசை, மழை வருஷத்துலயும் சும்மா நிக்காது.

இன்னொரு சிக்கல் வசதியானவங்க. ஊர்த் தண்ணி நம்பிக்கை இழந்தா அவங்க தனக்குன்னு தனியா வழி பண்ணிப்பாங்க, போர், டேங்கர், பெரிய சம்ப், பில்டிங்குக்குள்ளயே ஆர்ஓ. அவங்கவங்க வீட்டுக்கு நாலு சோர்ஸ் வந்துடும், ஊருக்கு ஒண்ணுதான் இருக்கும். கேப் டவுன்ல வறட்சி சமயத்துல காசு உள்ளவங்க போர் போட்டாங்க, எல்லாருமே உபயோகத்தை வேற குறைச்சாங்க, நகராட்சிக்கு வருமானம் விழுந்துடுச்சு, பைப்பும் பம்ப்பும் ஓட்டற செலவு மட்டும் அப்படியே இருக்கு. 2018 ஜூலைல மீட்டர் சைஸ் பாத்து ஒரு நிலையான கட்டணம் போட்டாங்க, "தண்ணிய மிச்சம் பிடிச்சதுக்கு தண்டனையா"ன்னு ஜனங்களுக்கு செம கோவம். ரெண்டு பக்கமும் நியாயம் இருக்கு, நான் நகராட்சி பக்கம்தான் சாய்வேன், குழாயைத் திறக்கறப்போ வர்ற தண்ணிக்கு மட்டும் இல்ல, திறக்கறப்போ வரும்ங்கற உத்தரவாதத்துக்கும் செலவு இருக்கு. ஆனா அதை ஏழை வீட்டு பில்லுல ஏத்தினா நான் சாய மாட்டேன்.

2019ல கேப் டவுன் ஒரு திட்டம் போட்டுச்சு, பத்து வருஷத்துல ஒரு நாளைக்கு 30 கோடி லிட்டர் புதுத் தண்ணி, நிலத்தடி, மறுசுழற்சி, கடல்னு பிரிச்சு. கூடவே மலைல தண்ணிய உறிஞ்சுட்டு இருக்கற பைன், வேலம் மாதிரி வெளிநாட்டு மரங்களை வெட்டற வேலை, அதுங்க மட்டும் வருஷத்துக்கு 5,500 கோடி லிட்டர் குடிக்குதுன்னு கணக்கு போட்டிருக்காங்க. கயிறு கட்டி செங்குத்துப் பாறைல தொங்கிட்டே மரம் வெட்டற டீம் எல்லாம் இருக்கு. இந்தப் பட்டியல்ல ரொம்ப சீப்பான தண்ணி இந்த மரம் வெட்டறதுலதான் கிடைக்குது, ஆனா வெட்டின இடத்துல விதை மறுபடி முளைக்கும், திரும்பத் திரும்பப் போகணும். 2020ல அணைகள் நிறைஞ்சு வழிஞ்சுது. உடனே ஆரம்பிச்சுட்டாங்க, தண்ணிதான் இருக்கே, அப்புறம் எதுக்கு கடல்நீர் பிளாண்ட்டுக்கு இவ்ளோ காசுன்னு.